ஒரு காலா, ரெண்டு காலா?

என் குரல் இதமாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். நீங்களும் சற்று முன் சொன்னீர்கள். நன்றி சார். அந்தக் குரலை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை. யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால், மணி என் காதில்தான் அடிக்கும். ஜன்னல் இல்லாத அறை, காதில் ஹெட்போன், எதிரே ஒரு பெரிய திரை. அதில் நாங்கள் பார்த்துக்கொள்ளும் லிஃப்டுகள் எல்லாம் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். ஒரு புள்ளி சிவப்பானால் அங்கே ஒருவர் வியர்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். "பயப்படாதீங்க, உள்ள காத்து வந்துட்டுதான் இருக்கு. கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க. ஆள் கிளம்பிட்டாங்க" என்பேன். ஆள் கிளம்பியிருக்க மாட்டார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பார், அல்லது கழுவலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அதனால் என்ன? கத்தினவர்களும் கத்தாதவர்களும் ஒரே நேரத்தில்தான் வெளியே வருகிறார்கள். கத்தாதவர்கள் கொஞ்சம் மரியாதையாக வருகிறார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் நீங்கள் படித்துக் காட்டிய வாக்குமூலத்தில் ஒரு சொல் எனக்கு உறுத்துகிறது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்துகொண்டு என் தங்கை சொல்லியிருக்கிறாள்: "அக்கா மேல தப்பில்ல சார். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. பதட்டத்துல நர்ஸ்கிட்ட மாத்திச் சொல்லிட்டா." நீங்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, விஷயத்தை முடித்துவிடலாம் என்று பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டீர்கள். நல்ல மனசு சார் உங்களுக்கு.

பதட்டமா? நானா?

பேனாவை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவேன். இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம், ஆனாலும் பொடிசுதான். அம்மா போனபோது அவள் என் இடுப்பளவு இருந்தாள். அப்பா தொலைதூரப் பேருந்து ஓட்டுநர், இப்போது அவரும் இல்லை. வீட்டில் இருக்கும் நாட்களில் தூங்குவார், தூங்காத நாட்களில் வீட்டில் இருக்க மாட்டார். தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, ஜுரத்தில் நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டது எல்லாம் நான். எனக்கு வரன் வந்தபோதெல்லாம் தங்கச்சி ஒரு நிலைக்கு வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவள் ஒரு நிலைக்கு வந்தாள். வரன் வருவது நின்றுவிட்டது. யார் மேலும் எனக்குக் குறையில்லை.

நீச்சல் குளத்தில் சொல்லித்தரும் வேலை பார்க்கிறாள். எனக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. என் பார்வை எட்டாத இடமாகப் பார்த்து வேலை தேடிக்கொண்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் அப்படியெல்லாம் யோசிக்கிற பெண் இல்லை. யோசிக்கிற வேலையை எல்லாம் சின்ன வயதிலிருந்தே என்னிடம் விட்டிருந்தாள்.

பிறகு ஒருவர் வந்து சேர்ந்தார். உங்களிடம் புகார் கொடுத்தாரே, அவர்தான். வீட்டில் நான் அவரை நெட்டை என்பேன். எங்கள் வாசல் நிலையில் குனியாமல் நுழைந்து தலையை இடித்துக்கொண்டவர், இரண்டாம் தடவை வந்தபோதும் இடித்துக்கொண்டார். நில அளவை வேலை. எந்த நிலத்தைப் பார்த்தாலும் எல்லை எங்கே என்று தேடுகிற தொழில். எங்கள் வீட்டு நாற்காலியில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிட்டு, எனக்கும் பொடிசுக்கும் நடுவில் எங்கே கல் நடலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரர்.

கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே பெரிய நீச்சல் குளத்தில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் ஒரு வார்த்தை தடுக்கவில்லை சார். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பயணத்துக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதில் ஒரு சக்கரம் சுற்றாது. கடையில் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

கிளம்ப இருந்த நேரத்தில் குளத்துப் படியில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. எலும்பு முறியவில்லை. காலில் முழங்கால் வரைக்கும் ஒரு பெரிய பூட் மாட்டி, கையில் ஊன்றுகோல் கொடுத்து அனுப்பினார்கள். அந்த டாக்டர் இளைஞர், நிறையப் பேசுகிறவர். "படுத்தே கிடக்காதீங்க. ஊன்றிக்கிட்டு வீட்டுக்குள்ள நடங்க. விரலை அசைச்சுக்கிட்டே இருங்க. தண்ணி நல்லா குடிங்க" என்றார். இன்னும் என்னென்னவோ கேட்டார். சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் லீவு போட்டேன். பல வருடங்களில் முதல் லீவு. அலுவலகத்தில் ஆடிப்போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டுத் தரை வழவழப்பானது. ஏற்கெனவே ஒரு தடவை வழுக்கி விழுந்தவளை ஊன்றுகோலோடு அதில் நடக்கவிட எனக்கு மனசு வரவில்லை. ஊன்றுகோலை எடுத்துப் பரணில் போட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மணி ஒன்று வைத்தேன். அடித்தால் வருவேன். தண்ணீர், சூப், புத்தகம், தலையணை எல்லாம் கைக்கு வந்துவிடும். தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தேன். அதிகம் குடித்தால் அடிக்கடி எழ வேண்டியிருக்கும்.

"அக்கா, டாக்டர் நடக்கச் சொன்னார்ல?"

"அது எல்லாருக்கும் பொதுவாச் சொல்றதுடி. வீட்டுல பாத்துக்க ஆள் இல்லாதவங்களுக்கு."

"படுத்துப் படுத்து முதுகே ஒட்டிப்போச்சு."

"முதுகுதானே. கால் சேரட்டும் முதல்ல."

அவள் சிரித்தாள். சண்டை போடத் தெரியாது அவளுக்கு, நான் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த நாட்களில் அவள் தலையை நான்தான் வாரிவிட்டேன். பழைய கதைகளைப் பேசினோம். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நடிக்கப் போனவள் மேடையில் தூங்கிப்போனதைச் சொல்லி இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். போன் பார்த்தால் கண் கெடும் என்று அதை அடுப்படியில் சார்ஜில் போட்டுவிடுவேன். நெட்டை பேசினால் "தூங்குறா" என்பேன். பெரும்பாலும் உண்மைதான். படுத்தே கிடந்தால் தூக்கம் வராமல் என்ன செய்யும்?

பயணத்தை ஒரு தடவை தள்ளிப்போட்டார்கள். எனக்கு வருத்தம்தான். துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. வழக்கமாக மெதுவாக அடிப்பாள். அன்று விடாமல் அடித்தாள்.

"அக்கா, இங்க பாரேன். பூட் இறுக்குதேன்னு கழட்டினேன். கெண்டைக்கால் எப்படி இருக்கு பாரு."

பார்த்தேன். கணுக்கால் வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டிருந்தது. இது வேறு. முழங்காலுக்குக் கீழே கால் திரண்டு, தோல் மினுமினுவென்று, லேசாகச் சிவந்து இருந்தது. முந்தின நாள் துடைத்துவிட்டபோது இப்படி இல்லை. தொட்டேன். சூடாக இருந்தது. மற்ற காலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"வலிக்குதா?"

"உள்ளுக்குள்ள இறுக்கிப் பிடிச்ச மாதிரி வலிக்குதுக்கா. கொஞ்சம் அமுக்கி விடேன்."

இப்போது நீங்கள் நினைக்கிறீர்கள், இந்தப் பெண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று. என் தங்கையும் அதைத்தான் நினைக்கிறாள். பாவம், அவள் அப்போது சின்னக் குழந்தை.

அப்பாவுக்கு வந்தது இதே வீக்கம். ராத்திரி பகலாகப் பேருந்து ஓட்டிவிட்டு வந்து இறங்கினார், ஒரு கால் மட்டும் தூண் மாதிரி இருந்தது. "சதை பிடிச்சிருக்கு, தேய்ச்சா சரியாயிடும்" என்றார். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பரிசோதித்துவிட்டு அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். காலின் ஆழத்து ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார். ரெண்டு காலும் சாயங்காலம் மெல்ல வீங்கினால் அதற்கும் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் அன்றைக்கே வர வேண்டும், மறுநாள் வரை வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தவர்கள், படுக்கையில் கிடந்தவர்கள், காலில் கட்டுப் போட்டவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்றார். தேய்க்கவே கூடாது என்றார். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் மூச்சு வாங்கும், நெஞ்சு குத்தும், சிலருக்கு இருமலில் ரத்தம் வரும், மயக்கம் வரும், அப்போது யோசிக்கவே கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்றார். கடைசியில் என் தோளைத் தட்டி, "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தேம்மா. உங்கப்பா உயிரை நீதான் காப்பாத்தியிருக்க" என்றார்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு பாராட்டு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை சார். மறந்திருந்தால் இப்போது வசதியாக இருந்திருக்கும்.

அதனால்தான் பொடிசு எவ்வளவு கெஞ்சியும் நான் அந்தக் காலை அமுக்கிவிடவில்லை. "பேசாம இரு, தேய்க்கக் கூடாது" என்றேன். அமுக்கிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவள் இல்லை.

எதையும் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்வது எனக்குப் பழக்கமில்லை. தையல் டேப்பை எடுத்து வந்தேன். "எதுக்குக்கா?" என்றாள். "தொளதொளன்னு ஒரு பைஜாமா தைக்கலாம்னு. இறுக்கமா எதுவும் போடக் கூடாது பாரு" என்றேன். இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தேன். நெட்டை இருந்திருந்தால் என் அளவைப் பாராட்டியிருப்பார். இரண்டுக்கும் நடுவில் டாக்டருக்குக்கூட வேலை வைக்காத வித்தியாசம் இருந்தது.

டேப்பைச் சுருட்டி வைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா" என்றாள்.

"போலாம். முதல்ல போன் பண்ணிக் கேட்டுடறேன். ஞாயித்துக்கிழமை, டாக்டர் இருக்காரோ என்னவோ."

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்ல ஒரு எண் வைத்திருக்கிறார்கள். அடுப்படிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். எடுத்தது ஒரு நர்ஸ். சின்ன வயசுக் குரல், ஆனால் பயிற்சி நன்றாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கேள்வி, ஒரு நிறுத்தம், பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்வி. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அது வராது.

"வீக்கம் ஒரு காலா, ரெண்டு காலா?"

"ரெண்டு கால்லயும்தான்."

"திடீர்னு வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"கொஞ்சம் கொஞ்சமா. சாயங்காலமானா அதிகமாகும், காலைல வடிஞ்சிடும்."

"வலி, சூடு, சிவப்பு?"

"ஒண்ணுமில்லம்மா."

"சமீபத்துல அடிபட்டு, ஆபரேஷன் ஆகி, படுக்கையில இருந்தாங்களா?"

"இல்ல. நல்லா நடமாடிக்கிட்டுதான் இருக்கா."

"மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் இல்ல."

அந்தக் கடைசி பதில் அப்போதைக்கு உண்மை சார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் காலை உயர்த்தி வைக்கச் சொன்னது, உப்பைக் குறைக்கச் சொன்னது, மறுநாள் வந்து டாக்டரைப் பார்க்கச் சொன்னது. வைக்கப் போகும்போது, "ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீங்கக்கா, உடனே வந்துடுங்க" என்றது. எவ்வளவு அக்கறை பாருங்கள். அவளுக்குத் தண்டனை எதுவும் வந்துவிடக் கூடாது. அவள் கேட்டதெல்லாம் சரி. பதில்தான் என்னுடையது.

திரும்பி வந்தேன். "என்ன சொன்னாங்க?" என்றாள் பொடிசு.

"காலைத் தூக்கி வச்சுக்கச் சொன்னாங்க. நாளைக்கு வந்தாப் போதுமாம்."

"ஒரு கால்தான்னு சொன்னியா?"

"எல்லாம் சொல்லியாச்சு. நர்ஸே சொல்லிட்டாங்க, அப்புறம் உனக்கு என்ன?"

உடனே முகம் தெளிந்துவிட்டது அவளுக்கு. நர்ஸ் என்ற ஒரு சொல்லுக்கு இருக்கும் மரியாதையைப் பாருங்கள். காலுக்குக் கீழே தலையணை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும், உங்கள் வேலை அது. அவர்கள் மறுபடி டிக்கெட் எடுத்திருந்தார்கள். எனக்கு அவள் போவதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கும்? படுத்துக் கிடந்ததுதான் காரணம் என்பார்கள். யார் படுக்கவைத்தது என்பார்கள். ஊன்றுகோல் எங்கே என்பார்கள். நெட்டை அந்த நொடியே அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வளர்த்ததற்கு, எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று பெயர் வரும். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. வீக்கம் தானாக வடிந்துவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, இல்லையா? ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நியாயமான ஆசைதான்.

மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மூச்சை இழுத்தா இங்க குத்துதுக்கா" என்று விலாவைத் தொட்டுக் காட்டினாள். நெற்றியில் வியர்வை. பேசும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள், மாடி ஏறி வந்தவள் மாதிரி. கட்டிலை விட்டே இறங்கவில்லை அவள்.

டாக்டரம்மா சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. போன் என் மடியில் இருந்தது.

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "பயப்படாதே. காத்து வந்துட்டுதான் இருக்கு. மெதுவா இழு. மெதுவா விடு. நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நான் சொன்ன மாதிரியே இழுத்தாள், விட்டாள். இத்தனை வருட அனுபவத்தில் என் பேச்சை இவ்வளவு ஒழுங்காகக் கேட்ட ஆள் வேறு யாருமில்லை. என் விரல்களை அவள் விடவே இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு மத்தியானம் நாங்கள் இருந்த மாதிரி நெருக்கமாக நாங்கள் இருந்து வெகு காலம் ஆகிவிட்டது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

அப்போது வாசல்மணி அடித்தது. நெட்டை. போனை எடுக்கவில்லை என்று நேரிலேயே வந்துவிட்டார். கதவைச் சங்கிலியோடு திறந்து, "தூங்குறா" என்றேன். சரியென்று திரும்பினார்கூட. உள்ளேயிருந்து அந்த மணி விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அடிக்கத் தெம்பில்லை போலிருக்கிறது, தள்ளிவிட்டிருக்கிறாள்.

"சங்கிலியை எடுங்க அக்கா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எடுத்தேன். வழக்கம்போல் தலையை இடித்துக்கொண்டார், அதை அவர் கவனிக்கவே இல்லை.

"உதடெல்லாம் ஒரு மாதிரி ஆயிருக்கு, நீங்க பாக்கலையா? ஆம்புலன்ஸ் கூப்பிட்டீங்களா?"

"கிளம்பிட்டாங்க" என்றேன்.

நாக்குப் பழக்கம் சார். அதை நான் யோசித்துச் சொல்லவில்லை என்றால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். அவர் நம்பினார். அவளைத் தூக்கிச் சாய்த்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று அவளிடம் சொன்னார். நானும் "வந்துடுவாங்க" என்றேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி, "எந்த நம்பருக்குப் பண்ணீங்க?" என்றார். நான் அவள் தலையணையைச் சரிசெய்தேன். அவர் என்னை அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. தன் போனை எடுத்துக் கூப்பிட்டார். ஒரு கால் மட்டும் வீக்கம், படுக்கையில் இருந்தவள், மூச்சு முட்டுகிறது என்று மூன்றே விஷயம் சொன்னார். ஆம்புலன்ஸ் எவ்வளவு சீக்கிரம் வந்தது தெரியுமா? எங்கள் மெக்கானிக்குகளை அவர்களிடம் பயிற்சிக்கு அனுப்பலாம்.

மீதி உங்களுக்குத் தெரியும். கால் ரத்தக் குழாயில் கட்டி, அதிலிருந்து பிய்ந்து நுரையீரலுக்குப் போனது ஒன்று. தீவிர சிகிச்சையில் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையில் எதுவும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள், நமக்கு ஒரு பயம் இருக்க வேண்டும் என்பதற்காக.

அங்கே அவசரப் பிரிவில் ஒருவர் ஓடி வந்து, "இவங்க குடும்பத்துல யாருக்காவது கால்ல ரத்தம் கட்டினது உண்டா?" என்று கேட்டார். நெட்டைக்கு என்ன தெரியும்? நான்தான் முன்னால் போய், "அப்பாவுக்கு இருந்தது" என்றேன். நான் ஒத்துழைத்தேன் என்று உங்கள் குறிப்பிலேயே இருக்கிறதே. அதை வைத்துத்தான் நீங்களும் என்னை நல்லவள் என்று முடிவு கட்டினீர்கள்.

அதையும் திருத்திவிடுகிறேன். அரைகுறையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களில் அவர் முதல் ஆள் இல்லை. பொடிசு வழுக்கி விழுந்த அன்றைக்கே, அவளை எக்ஸ்ரேக்கு உள்ளே கொண்டுபோயிருந்தபோது, நிறையப் பேசும் அந்த இளம் டாக்டர் அதையேதான் கேட்டார். குடும்பத்தில் அப்படி இருந்தால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஒன்று சேர்த்துத் தருவோம், அடிக்கடி வந்து காட்ட வேண்டியிருக்கும், காலையும் சும்மா வைத்திருக்க விடமாட்டோம் என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்து, "இல்ல டாக்டர், எங்க குடும்பத்துல யாருக்கும் அந்த மாதிரி கிடையாது" என்றேன்.

அப்போது அவள் கால் வீங்கவே இல்லை. போனும் இல்லை, நர்ஸும் இல்லை, பதட்டமும் இல்லை. வரண்டாவில் யாரோ தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். சாவகாசமான காலை நேரம். இல்லை என்று சொல்லிவிட்டு, அவள் வெளியே வரும்வரை உட்கார்ந்து ஒரு பத்திரிகை புரட்டினேன். எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், எல்லாம் தெரியும். தெரிந்தே, நிதானமாக, ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் நான்தான் செய்தேன். தெரியாமல் செய்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இத்தனை வருடமாக அவளுக்கு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவளை, ஒன்றும் தெரியாதவள் என்று அவளே சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா?

போட்டுவிட்டேன். ஒரே ஒரு உதவி சார். டிஸ்சார்ஜ் என்றைக்கு என்று ஆஸ்பத்திரியில் கேட்டுச் சொல்லுங்கள். அவள் படுக்கைக்கு உறை மாற்ற வேண்டும், அறையைத் துடைக்க வேண்டும். அந்த நெட்டைக்கு ஒன்றும் தெரியாது. கூட நான் இல்லாவிட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும்.